கடல் இல்லாத ஊரில் ஒரு சர்ஃப் போர்டு

"உக்கடத்துல உட்கார்ந்துட்டு சர்ஃப் போர்டு செய்யப் போறீங்களா? கடல் எங்கீங்க இருக்கு?"

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி மாணவன், மரத்திலேயே கையால் ஓர் அலைச்சறுக்குப் பலகை செய்வதுதான் தன் புராஜெக்ட் என்று சொன்னால், அவனுக்குக் கிடைக்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, "உனக்கென்ன பைத்தியமா?" என்பது. (வீட்டில் கேட்டால் வரிசை மாறும்.)

கேள்வி நியாயமானதுதான். உக்கடத்துக்குக் கடல் வருவதெல்லாம் விடியற்காலையில், ஐஸ் பெட்டிக்குள், மீன் மார்க்கெட்டுக்கு. மற்றபடி அங்கே தண்ணீர் என்றால் பெரியகுளம்தான். அதில் பரிசல் போகும், அலை வராது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சர்ஃப் போர்டு செய்வதற்குக் கடலா வேண்டும்? கடல் வேண்டியது ஓட்டுவதற்கு. செய்வதற்கு வேண்டியவை மூன்று: எடை குறைந்த மரம், மரத்தில் வளைவு எடுக்கத் தெரிந்த கை, பொறுமை. முதல் இரண்டும் தமிழ்நாட்டில் வேறெந்த ஊரையும்விடக் கோயமுத்தூரில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டாவது விஷயம், அதாவது அந்தக் கை, இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்பதுதான் கவலை. அதனால்தான் இந்தப் பைத்தியக்காரப் புராஜெக்ட்டை யாராவது சீக்கிரம் செய்தாக வேண்டும்.

சர்ஃபிங் வெள்ளைக்காரன் விளையாட்டா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். மரத்தின் மேல் ஏறி அலையைத் தாண்டுவது தமிழ்க் கடற்கரைக்குப் புதிதில்லை. கட்டுமரம் என்ற சொல்லே அதற்குச் சாட்சி. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. பிறகு அதே பெயரை இரட்டை உடல் கொண்ட படகுக்கு வைத்துவிட்டார்கள். அசல் கட்டுமரம் அப்படி இல்லை. சில மரத்துண்டுகளைச் செதுக்கிச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது, அவ்வளவுதான். பள்ளம் இல்லாததால் தண்ணீர் உள்ளே தேங்காது. மேலே அடித்த அலை இடுக்கு வழியாகவே ஓடிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். ஈரம் ஏறிய மரம் கனக்கும், மறுநாள் சரியாக மிதக்காது.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றன. நடுவில் மடங்கி உடையும் அலை. அதைத் தாண்டிக் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கடிதம் நனையாமல் இருக்கத் தலையில் ஒரு கூம்புத் தொப்பி, அதற்குள் கடிதம்! அலையைத் தாண்டிப் போவதும், திரும்பும்போது அதே அலையைப் பிடித்துக் கரை சேர்வதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

இன்று கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃபிங்கில் பெயர் எடுப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கோவளத்தில் சர்ஃப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் கர்நாடகத்தின் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். ஆக, ஓட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் காலடியில் இருக்கும் பலகை? பெரும்பாலும் ஃபோம், மேலே ஃபைபர் கிளாஸ். கட்டுமரமே 1980-களுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஃபைபருக்கு மாறியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. அதை யாரும் குறை சொல்ல முடியாது. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவர் தனக்கு எது பாதுகாப்போ, எது லாபமோ அதைத்தான் எடுப்பார். ஆனால் மரத்தைச் செதுக்கத் தெரிந்த கைகள் அதனால் சும்மா ஆகிவிட்டன என்பதும் உண்மை.

ஹவாய்க்காரர்கள் எதில் செய்தார்கள்?

சர்ஃபிங்கின் தாய்வீடு ஹவாய் தீவுகள். அங்கே பழைய பலகைகள் எல்லாம் முழு மரம். கோவா என்ற மரத்தில் செய்தவை அதிகம். ஒலிம்பிக் நீச்சல் வீரரும் சர்ஃபிங்கை உலகத்துக்குக் காட்டியவருமான ட்யூக் கஹனமோக்கு வைத்திருந்த ஒரு பலகை 16 அடி நீளம், சுமார் 50 கிலோ. ஒரு மூட்டை சிமெண்ட்!

பெரிய பலகைகளுக்கு அவர்கள் விரும்பிய இன்னொரு மரம் விலிவிலி. இது யார் என்று பார்த்தால், நம்ம கல்யாண முருங்கைக்குச் சொந்தக்காரன். இரண்டும் ஒரே பேரினம். சளிக்கு அடை சுடுகிற இலை இருக்கிறதே, அதே கல்யாண முருங்கைதான். சும்மா தூக்கிப் பார்த்தாலே தெரியும், அந்தக் கட்டைக்கு எடையே இருக்காது.

50 கிலோ பிரச்சினைக்குத் தீர்வு கண்டவர் டாம் பிளேக் என்ற அமெரிக்கர். 1920-களின் கடைசியில் ஹவாயின் பழைய பலகைகளைப் பார்த்து அதே போலச் செய்ய முயன்றார். எடையைக் குறைக்க முதலில் பலகை முழுக்கத் துளை போட்டு மேலே மூடினார். பிறகு உள்ளே எலும்புக்கூடு மாதிரி சட்டம் வைத்து, மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டி, நடுவில் வெறும் காற்றை விட்டார். 1932-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அவருடைய உள்ளீடற்ற பலகைகள் விளையாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. கடற்கரைக் காவலர்கள் மூழ்குகிறவர்களை மீட்கவும் அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

அதன் பிறகு பால்சா மரம் வந்தது. 1950-களின் இறுதியில் பாலியூரிதேன் ஃபோம் வந்து மரத்தை ஓரம் கட்டியது. 2005 டிசம்பர் 5-ம் தேதி, அமெரிக்காவின் பெரும்பாலான பலகைகளுக்கு ஃபோம் கட்டை கொடுத்துக்கொண்டிருந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று கதவை மூடியது. ஒரே நாளில் அந்தத் தொழில் முழுக்கத் தடுமாறிவிட்டது. ஒரே பொருளை, ஒரே ஆளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். மரத்துக்குத் திரும்பலாமே என்ற எண்ணம் பலருக்கு வலுத்தது அதற்குப் பிறகுதான்.

மரம் இங்கே இருக்கிறது

கோயமுத்தூருக்கு வருவோம்.

மலைவேம்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும், கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த மரங்களில் இதுவும் ஒன்று. தண்ணீர் இருந்தால் ஆறேழு வருடத்தில் வெட்டலாம். கொங்குப் பகுதியில் தென்னைக்கும் கரும்புக்கும் ஆள் கிடைக்காமல் சலித்துப்போன பலர் இதை வைத்திருக்கிறார்கள். வெட்டிய மரம் பிளைவுட் ஆலைக்குப் போகிறது.

ஆனால் இதே மலைவேம்பைப் பற்றிய பழைய குறிப்புகளில், பெட்டி, பென்சில், தீக்குச்சி என்று போகும் பயன்களின் பட்டியலில் கட்டுமரமும் இருக்கிறது! எடை குறைந்த மரம், கடலில் மிதந்த மரம். மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. அது அறுந்தது பிறகுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலைவேம்பு ஒரு கன மீட்டர் சுமார் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு அடி நீளம், 21 அங்குல அகலத்தில் ஒரு பலகை. முழு மரமாகச் செய்தால் 18 கிலோ பக்கம் வரும். அதையே உள்ளீடற்றதாக, மேலும் கீழும் 6 மில்லிமீட்டர் பட்டைகளால் செய்தால்? மேல்தோலும் அடித்தோலும் சேர்ந்து 4 கிலோ, உள் சட்டமும் ஓரங்களும் 2 கிலோ, மேலே பூசும் எபாக்ஸியும் கண்ணாடி இழைத் துணியும் 2 கிலோ. மொத்தம் 8 கிலோ. ஃபோம் பலகையைப் போல இரண்டு மடங்கு இருக்கும்தான். ஆனால் ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். தேவைப்படும் மரம், ரம்பத்தில் வீணாவதையும் சேர்த்து, ஒன்று ஒன்றரை கன அடி. உக்கடம் பக்கத்தில் ஒரு பகுதிக்கே மரக்கடை என்றுதான் பெயர். மரத்துக்கும் அறுத்துக் கொடுப்பதற்கும் ஊரைச் சுற்ற வேண்டியதில்லை.

இந்த 'மெல்லிய தோல், லேசான உள்ளீடு' தத்துவமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. உக்கடத்தில் பஸ் ஏறி பொள்ளாச்சி வழியாக உடுமலை போனால் வரிசையாகக் காற்றாலைகள். பல காற்றாலை இறக்கைகளின் உள்ளே பால்சா மரம்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் கண்ணாடி இழை. 1950-களில் சர்ஃப் போர்டு செய்தவர்கள் செய்ததும் அதேதான்.

கையும் இங்கே இருக்கிறது... இப்போதைக்கு

இனிதான் முக்கியமான விஷயம்.

கோயமுத்தூர் என்றால் பம்ப், மோட்டார், கிரைண்டர். இவற்றின் பாகங்களை ஃபவுண்டரியில் வார்க்க வேண்டும். வார்ப்பதற்கு மணலில் அச்சு வேண்டும். மணலில் அச்சு எடுக்க முதலில் அந்தப் பாகம் மரத்தில் வேண்டும். இதற்குப் பெயர் பேட்டர்ன். அதைச் செய்கிறவர் பேட்டர்ன் மேக்கர்.

இவர் சாதாரணத் தச்சர் இல்லை. கதவு ஜன்னலில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் சுத்தியலால் தட்டிச் சரி செய்துகொள்ளலாம். இங்கே முடியாது. உருகிய இரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கென்றே இவர்களிடம் தனி அளவுகோல் உண்டு. அதில் 'ஒரு அடி' என்பது உண்மையில் ஒரு அடிக்கும் கொஞ்சம் மேல்! இரும்புக்கு ஒரு கோல், அலுமினியத்துக்கு வேறொரு கோல். மணலை உடைக்காமல் பேட்டர்ன் வெளியே வர ஓரங்களில் லேசான சாய்வு. மூலைகளில் உருட்டல். பம்ப்பின் உடல் நத்தை ஓடு மாதிரி சுருண்டுகொண்டே அகலமாகும், அதை மரத்தில் எடுக்க வேண்டும்.

சர்ஃப் போர்டிலும் கஷ்டம் இந்த வளைவுகளில்தான். மூக்கு மேலே தூக்கியிருக்க வேண்டும், வால் கொஞ்சமாகத் தூக்கியிருக்க வேண்டும். ஓரம் முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் கூராகவும் மாறிக்கொண்டே போக வேண்டும். இடதும் வலதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நத்தை ஓட்டைச் செதுக்குகிறவருக்கு இது ஒரு பெரிய வேலையா?

ஆனால் இப்போது வரைபடத்தைக் கணினியில் போட்டு சி.என்.சி. இயந்திரத்தில் கொடுத்தால் பேட்டர்ன் வெட்டி வந்துவிடுகிறது. பேட்டர்னே இல்லாமல் மணல் அச்சை முப்பரிமாண அச்சு இயந்திரம் செய்வதும் வந்துவிட்டது. வேகம், துல்லியம், எல்லாம் சரி. ஃபவுண்டரி முதலாளியைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கட்டுமரக்காரருக்குச் சொன்ன நியாயம்தான் இவருக்கும். உளியும் இழைப்புளியும் வைத்து இதைச் செய்யக் கற்றவர்கள் வயதாகிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும்.

அப்படியானால் அந்தக் கைவேலை? அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது. கைவேலை என்பது செய்துகொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். இயந்திரத்தோடு போட்டி போடாத வேலையாக, ஒவ்வொன்றும் வேறு வேறாக இருப்பதே பெருமை என்கிற வேலையாக இருந்தால் நல்லது. மரத்தால் ஆன சர்ஃப் போர்டு அப்படிப்பட்ட ஒன்று.

எப்படிச் செய்வது?

சுருக்கமாக, வரிசைப்படி:

1. பாதிப் பலகையின் வெளிக்கோட்டை மட்டும் பிளைவுட்டில் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வரைந்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் வரைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்.

2. நடுவில் முதுகெலும்பு. அதில் மூக்கு, வால் தூக்கலை வெட்டிவிட வேண்டும். அதன் குறுக்கே சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விலா எலும்புகள். பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும்.

3. அடியில் 6 மில்லிமீட்டர் பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வளைத்து, அதன்மேல் இந்த முள்ளை ஒட்ட வேண்டும். ஓரங்களை மெல்லிய பட்டைகள் அடுக்கி உயர்த்த வேண்டும். இதற்கு நிறைய க்ளாம்ப் வேண்டும். கட்டுப்படியாகவில்லையா? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றினால் போதும், நன்றாகவே பிடிக்கும்.

4. மேல்பலகையை மூடும் முன் காற்றுத் துளைக்கு ஒரு திருகாணி இடம் விட வேண்டும். இதை மறந்தால் எல்லாம் வீண். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து ஒட்டிய இடம் விட்டுவிடும். கரையில் திருகைத் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும் முன் மூட வேண்டும்.

5. பிறகு இழைப்புளி, அரம், உப்புத்தாள். முரட்டுத் தாளில் ஆரம்பித்து மெல்லிய தாளில் முடிக்க வேண்டும். கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

6. கடைசியில் கண்ணாடி இழைத் துணி, எபாக்ஸி, பின்னால் துடுப்பு.

முதல் தடவை செய்கிறவருக்கு நூறு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. ஒரு செமஸ்டருக்குச் சரியான அளவு!

எதிர்ப்புகள்

"ஃபோம் பலகை லேசானது, கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிவிடலாமே?" வாங்கலாம். போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை போட்டிக்காரருக்குச் சொல்லவில்லை.

"மரம் என்றால் இயற்கைக்கு நல்லதா?" ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். பூசுகிற எபாக்ஸி ரசாயனம்தான், இழைக்கும்போது வருகிற தூசிக்கு முகமூடி போட்டே ஆக வேண்டும். காட்டு மரம் வெட்டாமல் தோட்டத்து மலைவேம்பில் செய்வதும், அடிபட்டால் தூக்கிப் போடாமல் பட்டை மாற்றி ஒட்டிக்கொள்வதும்தான் இதன் நல்ல பக்கம்.

"செய்து எங்கே ஓட்டுவது?" உக்கடத்தில் பாலக்காடு பஸ் நிற்கிறது. கணவாய் வழியாகப் போனால் பொன்னானி கடற்கரை 140 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டுக் கடற்கரையை விட அதுதான் கோயமுத்தூருக்குப் பக்கம். ஆனால் ஒன்று. நீச்சலும் சர்ஃபிங்கும் தெரிந்தவர் கூட இல்லாமல், சோதிக்காத பலகையோடு யாரும் கடலில் இறங்கக் கூடாது. கடல் புராஜெக்ட் மார்க் பார்க்காது.

ஏன் மாணவர்கள் செய்ய வேண்டும்?

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மாடல், ரிப்போர்ட், பி.பி.டி., கேள்விக்குப் பதில் உட்பட எல்லாம் பேக்கேஜ். எக்ஸ்டெர்னலுக்கும் தெரியும், மாணவனுக்கும் தெரியும். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து ஒரு பலகையை நேராக இழைக்கத் தெரியாமல் வெளியே வருவது இப்படித்தான்.

சர்ஃப் போர்டில் இந்த ஏமாற்று செல்லாது. அதுதான் அதன் அழகு. மிதப்பு விசை, எடை மையம், வளைவு, பசையின் வலிமை என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த ஏழு அடிக்குள் இருக்கிறது. ஒட்டு சரியில்லையா, தண்ணீர் உள்ளே போகும். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையா, ஒரு பக்கமாக இழுக்கும். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் படிக்காது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு மாணவர்களுக்கு ஒரு பலகை. ஒரு செமஸ்டர். கற்றுக்கொடுக்க ஒரு பேட்டர்ன் மேக்கர். கணபதியிலும் பீளமேட்டிலும் தேடினால் கிடைக்காமல் போக மாட்டார்கள். அவரை ஒரு நாள் மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது. செமஸ்டர் முழுக்க வரச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குக் கொடுக்கிற சம்பளத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும். அவரிடம் டிகிரி இல்லை என்று எந்தக் கல்லூரியாவது தயங்கினால், அந்த வளாகத்தில் ஓடுகிற பம்ப்பைத் திறந்து காட்டுங்கள். உள்ளே இருக்கும் வளைவை முதலில் மரத்தில் எடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

செமஸ்டர் முடிவில் பலகையைத் தண்ணீரில் போடட்டும். மிதந்தால் பாஸ். மூழ்கினால், எந்த ஒட்டு விட்டது என்று பார்த்து, அடுத்த செமஸ்டர் மறுபடியும் செய்யட்டும். அரியர் வைப்பதற்கு இதைவிட நல்ல பேப்பர் கிடைக்காது.